டூரன் தாண்டித்தான் அம்மா சொன்னாள்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் ஊரிலிருந்து அவருடைய அப்பா அம்மா வருகிறார்களாம். மூன்று மாதத்தில் வருகிற பன்னிரண்டு சனி ஞாயிறுக்கும் பன்னிரண்டு ஊர் போட்டு, பச்சை மஞ்சள் என்று கலரெல்லாம் அடித்திருந்தார். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பிராக், வியன்னா என்று போய், கடைசி வரிசையில் "ரோம், முடிந்தால் வெனிஸும்". எதை விட்டுவிட்டேன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பாதியை அடிக்கத்தான் கை போனது. ஏன் என்று வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் என் அப்பா அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து ஜெர்மனியில் நான் இருக்கும் ஆஹனுக்கு வந்தார்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். அந்த 90 நாளுக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் எல்லாச் செலவும் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்து, சம்பளச் சீட்டு முதல் வீட்டு வாடகை ஒப்பந்தம் வரை நகலெடுத்து அனுப்பி... இத்தனை பாடுபட்டு வரவழைத்த பிறகு ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று ஒரு வெறி வரும் பாருங்கள். எனக்கும் வந்தது. முதல் சனிக்கிழமையே பாரிஸ்.

ஆஹனிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஐபிள் டவருக்குக் கீழே ஒரு வரிசை. 2019இல் தீப்பிடித்த நோத்ர தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில்தான் மறுபடி திறந்திருந்தார்கள், அங்கே அதைவிடப் பெரிய வரிசை. படகுக்கு இன்னொன்று. மத்தியானம் மூன்று மணிக்கு அம்மாவின் கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்துவிட்டது. "திருப்பதியிலகூட இப்படித்தான் நின்னோம். அங்க லட்டாவது குடுத்தாங்க" என்றாள்.

திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லா சப்பல். தெருவின் இரண்டு பக்கமும் ஈழத் தமிழர் கடைகள். ஒன்றில் நுழைந்து வடையும் பிளேன் டீயும் சொன்னோம். கடைக்காரர், "இந்தியாவோ அம்மா? எவடம்?" என்று கேட்டதும் அம்மா முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. முருங்கைக்காய் விலையைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார்கள். ஊருக்குப் போன பிறகு பாரிஸ் எப்படி என்று சித்தி கேட்டதற்கு அம்மா வர்ணித்தது அந்தக் கடையைத்தான். ஐபிள் டவர் பற்றி, "இருந்தது" என்றாளாம்.

அடுத்த வாரம் கொலோன். அதற்கு மெதுவாகப் போகும் ரயில்.

இங்கே டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். 2025இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. மாதம் முழுக்க நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. ஊர் ஊராக நின்று போகும் ரயில், பஸ், டிராம் எல்லாம் அடக்கம். மாதச் சந்தாதான், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதத்தோடு முடிந்தது. வந்தவர்களுக்கும் நம் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். மெதுவான ரயில்தானே என்று நினைக்காதீர்கள். இந்தப் பதிவே அந்த மெதுவைப் பற்றித்தான்.

ஆர்.ஈ. 1 என்ற அந்த மெதுவான ரயிலில் எதிரெதிரே நாலு சீட். அப்பாவுக்கு ஜன்னலோரம். எஷ்வைலர் தாண்டியதும் வைஸ்வைலர் அனல்மின் நிலையத்தின் புகை தெரியும். அப்பா திருச்சி பெல் (BHEL) ஆலையில் பாய்லர் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். "பழுப்பு நிலக்கரியா? நம்ம நெய்வேலி மாதிரி" என்று ஆரம்பித்துவிட்டார். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான் இருக்குமாம், தூரத்துக்குக் கொண்டுபோனால் தண்ணீரைச் சுமந்துபோன கணக்கு, அதனால்தான் சுரங்கத்துப் பக்கத்திலேயே மின்நிலையத்தைக் கட்டுகிறார்களாம். நாற்பது வருஷத்தில் என்னிடம் இதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை. 2029இல் இதை மூடப்போகிறார்கள் என்றேன். துக்கச் செய்தி கேட்ட மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

பேச்சை மாற்ற, "கொலோன்ல சர்ச் கோபுரம் ஏறலாம்ப்பா. 533 படி, லிஃப்ட் கிடையாது. அம்மாவும் பாப்பாவும் கீழ இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்தார். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ரயில் டூரனில் நின்று கிளம்பியது. அதற்கப்புறம்தான், "அப்பா ஏற வேண்டாம்டா" என்றாள்.

"ஏன், முட்டி வலியா?"

"ஐப்பசில ஹார்ட்ல ஒரு ஸ்டென்ட் வெச்சிருக்கு."

ஐப்பசி என்றால் ஆறு மாதம் ஆகிவிட்டது. தினமும் இரவு வீடியோ காலில் பேசுகிற குடும்பம் நாங்கள். அந்த வாரம் அப்பா வாக்கிங் போயிருக்கார், தூங்கறார், கோயிலுக்குப் போயிருக்கார் என்று மூன்று நாள் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தே பேசினாளாம். பின்னால் பச்சை டைல்ஸ் தெரிகிறதே என்று நான் கேட்டதற்கு, அத்தை வீட்டில் இருக்கேன் என்று சொன்னாளாம். கேட்டதே எனக்கு நினைவில்லை.

கோபம்தான் முதலில் வந்தது. நான் எடுத்திருந்த காப்பீடு முன்பே இருக்கிற நோய்க்குச் செல்லாது. இது தெரிந்திருந்தால் வேறு பாலிசி பார்த்திருப்பேன் என்று ஏதேதோ சொன்னேன். அப்பா சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். விமானத்தில் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. பாரிஸிலும் அது அவர் பையில்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு எட்டு மணி நேரம் அவரை நிற்க வைத்திருக்கிறேன்.

வீடியோ கால் குடும்பச் செய்திக்கு ஆகாது என்பது என் கட்சி. முகத்துக்கு நேரே முகம் வைத்துக்கொண்டால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். "சாப்டியா, குளிரா, பாப்பா எங்க" என்று மூன்று கேள்வி, அதற்குள் குக்கர் விசில். நேரில் வந்து வீட்டில் இருந்தாலும் அதே கதைதான். மூன்றாம் நாளே என் சமையலறையை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள், உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. ரயிலில் எழுந்து போக இடமில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் வேண்டாம், இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசலாம். ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே இந்த நாலு சீட் செய்கிறது.

கொலோனில் படி ஏறவில்லை. தேவாலயத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டோம். 1248இல் தொடங்கிய கட்டடம். 1560 வாக்கில் வேலை நின்றுபோய், தெற்குக் கோபுரம் பாதியில் விடப்பட்டது. கல் தூக்குகிற மரக் கிரேன் ஒன்று அந்த மொட்டைக் கோபுரத்தின் மேலேயே சுமார் நானூறு வருஷம் நின்றிருக்கிறது, 1868இல்தான் இறக்கினார்கள். கட்டி முடித்தது 1880இல். இதைச் சொன்னதுதான் தாமதம், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், எங்கள் ராயகோபுரமும் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்றதுதானே.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல சாரம் கட்டி வேலை நடந்துட்டு இருந்தது. 87 மார்ச்சுல கும்பாபிஷேகம். உனக்கு ரெண்டு வயசு. அந்தக் கூட்டத்துல அப்பா உன்னைத் தோள்ல தூக்கினவர்தான், சாயங்காலம் வரைக்கும் இறக்கல."

இது எவ்வளவு உயரம் என்று அப்பா கேட்டார். 157 மீட்டர் என்றேன். மனக்கணக்கில், "515 அடி. நம்மது 236" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நம்மதுல கலர் இருக்கு" என்றார்.

அப்புறம் ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர். அது இந்த ஊர்ப் பெயர் என்று அம்மாவுக்கு அதுவரை தெரியாது. கொலோன் தண்ணீர் என்றுதான் அதற்கு அர்த்தம். ஃபரினா என்ற இத்தாலியக் குடும்பம் 1709இல் இங்கே தொடங்கிய கடை இன்னும் இருக்கிறது. நாங்கள் போனது குளோக்கன்காஸ தெருவில் 4711 கடைக்கு. அது பிரெஞ்சுப் படை இந்த ஊரைப் பிடித்திருந்த காலத்தில் அந்த வீட்டுக்குப் போட்ட கதவு எண். உள்ளே ஒரு சின்ன ஊற்றில் தண்ணீருக்குப் பதில் ஓடிகொலோன் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கைக்குட்டையை நனைத்து மூக்கில் வைத்தாள். "ஜுர வாசனைடா" என்றாள். எங்கள் பாட்டி காய்ச்சல் வந்தால் நெற்றியில் போடுவது இந்தத் துணியைத்தான். என் மகள் அது புரியாமல், இவ்வளவு நல்ல வாசனை எப்படி ஜுரமாகும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

திரும்பும் ரயிலில் என் முறை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் எங்கள் டீமையே கம்பெனி கலைத்துவிட்டது. நாலு மாதம் எனக்கு வேலை இல்லை, மனைவி சம்பளத்தில்தான் ஓட்டினோம். ஊருக்குச் சொல்லவில்லை. அதை இப்போது சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள் அம்மா.

"எப்படி?"

"எப்பவும் பேசிட்டு இருக்கும்போதே மீட்டிங்னு கட் பண்ணுவ. அந்த நாலு மாசம் ஒரு தடவகூட கட் பண்ணல."

ஆக, வீடியோ காலில் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான்தான் டைல்ஸைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு திட்டமெல்லாம் மாறிவிட்டது. ஒரு வாரம் ஒரு ஊர், அதில் ஒரு இடம், மற்றபடி ரயில். பெல்ஜியத்தில் லியேஜுக்கு ஒரு ஞாயிறு போனோம், மியூஸ் ஆற்றங்கரையில் காலையில் கூடுகிற லா பாத் சந்தைக்கு. ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காத ஜெர்மனியில் இருந்து வந்த அம்மாவுக்கு அது மணப்பாறைச் சந்தை மாதிரி இருந்தது. கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினாள். சித்தி மகள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட விஷயம் அந்த ரயிலில். நெதர்லாந்தின் கெய்கன்ஹோஃப் தோட்டத்தில் எழுபது லட்சம் பூக்கிழங்கு நடுகிறார்கள் என்றதற்கு, "பறிச்சுக் கட்ட ஒருத்தரும் இல்லையே" என்றாள். அத்தையின் நிலப் பாகப் பிரச்சினை அங்கே போகிற வழியில்.

கடைசி சனிக்கிழமை ஹாம் என்ற ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயில். அதே ஆர்.ஈ. 1 ரயில், ஆஹனில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும், அங்கிருந்து பஸ். 2002இல் குடமுழுக்கான கோயில், 17 மீட்டர் கோபுரம், சுற்றிலும் தொழிற்பேட்டை. தேர்த் திருவிழாவின்போது தீர்த்தவாரி பக்கத்திலிருக்கும் கப்பல் கால்வாயில்தான். சன்னிதியில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். கோயில் இருக்கிற யூன்ட்ராப் பகுதியிலேயே மூடிவிட்ட நிலக்கரி மின்நிலையம் ஒன்று உண்டு என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அது இரண்டாவது சன்னிதி.

திரும்பும்போது மகள் என் அம்மா மடியில் தூங்கிவிட்டாள். காமன் ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு உள்ள கொண்டு போறப்ப பயமா இருந்ததுப்பா. உனக்குப் போன் பண்ணச் சொல்லலாமான்னு நெனச்சேன். அங்க ராத்திரி, நீ தூங்கிட்டு இருப்பேன்னு விட்டுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டோர்ட்மண்ட் வருவதற்குள் அவர் பாய்லருக்குத் திரும்பிவிட்டார்.

எல்லா அப்பா அம்மாவும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஐபிள் டவர் முன்னால் எடுத்த போட்டோ என் அப்பாவின் வாக்கிங் கூட்டத்தில் இன்றுவரை வலம் வருகிறது, அதை நான் மறைக்கக் கூடாது. அந்தப் போட்டோவுக்காக ஒரு ஊர் போகட்டும், நியாயம்தான். மற்ற பதினொன்றுக்கும் நான் சொல்வது இதுதான்: போகும் முன் படி எத்தனை, லிஃப்ட் உண்டா என்று பாருங்கள், நேர் ரயில் இருந்தால் அது நிற்காத ரயிலாக இருக்க வேண்டாம், எதிரெதிரே நாலு சீட் பிடியுங்கள், போனைப் பையில் போட்டுவிடுங்கள். காப்பீடு எடுக்கும் முன் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

இதை அந்த நண்பருக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஷீட்டில் வியன்னா, பிராக், ரோம் மூன்றையும் எடுத்துவிட்டாராம். பிரஸ்ஸல்ஸை மட்டும் எடுக்க முடியாதாம், அந்த ஒண்ணுக்குப் போகிற பையன் சிலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் அப்பா சொல்லிவிட்டாராம். ரெண்டடிகூட இருக்காது என்று எழுதினேன். "பரவாயில்ல, படி இல்லையே" என்றார்.