ஒவ்வொரு சேவுக்கும் ஒரு நாள் குறைகிற குழந்தை

ராத்திரி பதினோரு மணிக்கு போன். "சார், எம் பொண்ணோட பிறந்த தேதி ஒவ்வொரு தடவை சேவ் பண்றப்பவும் ஒரு நாள் குறையுது சார்."

பள்ளிச் சேர்க்கைப் படிவம், நான் எழுதிக் கொடுத்தது. அந்த அம்மா ஜூன் 1 என்று போட்டிருக்கிறார். சேவ் செய்து திறந்தால் மே 31. முகவரியில் எழுத்துப்பிழை திருத்தி மறுபடி சேவ் செய்தால் மே 30. வீட்டுக்காரர் போன் நம்பரை மாற்றப் போய் மே 29. இப்படியே போனால் பொண்ணு அம்மாவுக்கு அக்கா ஆகிவிடுவாள்.

காரணம் ஒரே வரி. படிவம் தேதியை நம் ஊர் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது, வலைப்பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டின் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (தேதியை எழுத்தாக்கித் தரும் கட்டளை) அதை யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் முந்தின நாள் மாலை 6:30. அதில் முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் ஒரு நாள் காலி. லண்டனில் உட்கார்ந்து குளிர்காலத் தேதி ஒன்றைப் போட்டுச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது! என் கோபம் பிழை மேல்கூட இல்லை, அது வாயே திறக்கவில்லை என்பதுதான். ஒரு எர்ரர், ஒரு எச்சரிக்கை, ஒன்றும் கிடையாது. தப்பான தேதியைப் பவ்யமாக நீட்டுகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று இருக்கிற இந்த டேட் என்ற சமாச்சாரமே அப்படித்தான். மாதம் 0-இல் ஆரம்பிக்கும், தேதி மட்டும் 1-இல். கெட்டே என்று கேட்டால் கிழமை வரும், தேதி வேண்டுமென்றால் கெட்டேட். கெட்இயர் என்று கேட்டால் 2024-க்கு 124 என்கிறது. 2023 பிப்ரவரி 31 என்று கொடுத்துப் பாருங்கள், மார்ச் 3 என்று சிரித்துக்கொண்டே தரும். 1995-இல் ஜாவா என்ற இன்னொரு மொழியைப் பார்த்து அடித்த காப்பி. ஜாவாக்காரர்களே 1997-இல் இதில் பாதிக்கு மேல் 'இனிப் பயன்படுத்தாதீர்கள்' என்று ஒதுக்கிவிட்டார்கள். நாம் இன்னும் சுமக்கிறோம்.

ஜாவா மட்டும் யோக்கியமா? அங்கே தேதியை எப்படி அச்சடிப்பது என்று சொல்லும் வடிவக் குறியில் பெரிய எம் (M) மாதம், சின்ன எம் (m) நிமிடம். பைத்தான் மொழியின் வடிவக் குறியில் அதுவே தலைகீழ். ஜாவாவில் மாதத்துக்குச் சின்ன எம் போட்டுவிட்டு 10:07-க்கு ஓட்டிப் பார்த்தேன், ஜூலை மாதம், 07 என்று வந்தது. ஆஹா, சரியாக இருக்கிறதே என்று மேலே ஏற்றிவிட்டேன். மறுநாள் பில்லில் 43-ஆவது மாதம்.

அதைவிடக் கேடு ஜாவாவின் பெரிய ஒய் (Y). அது வருடம் இல்லை, 'வாரத்தின் வருடம்', அதாவது அந்த வாரம் எந்த வருடக் கணக்கில் சேர்கிறதோ அது. 2024 டிசம்பர் 30-ஐ 2025 டிசம்பர் 30 என்று அச்சடிக்கும். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் சாதுவாக இருந்துவிட்டு, எல்லோரும் லீவில் இருக்கிற அந்த வாரத்தில்தான் வேலையைக் காட்டும்.

பைத்தானில் பைடிஇசட் என்ற நேர மண்டலத் தொகுப்பை வைத்து இந்திய நேரம் போட்டவர்களுக்கு, +5:30-க்குப் பதிலாக வருகிற +5:53 பழக்கமாகியிருக்கும். அது கல்கத்தாவின் அந்தக்கால உள்ளூர் நேரம். அந்தத் தொகுப்பின் நேரப் பட்டியலிலேயே 1906 வரைக்கும் நம்ம மெட்ராஸ் நேரமும் இருக்கிறது, 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கோபம் மறந்துதான் போனது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். பிறந்த தேதிக்கு நேரமும் வேண்டாம், மண்டலமும் வேண்டாம் என்று வெறும் எழுத்தாகவே சேமிக்க வைத்துவிட்டேன். திருத்த எடுத்தது பத்து நிமிடம். ஆனால் ஏற்கெனவே நகர்ந்துபோன குழந்தைகள்? யாருடைய படிவம் எத்தனை தடவை சேவ் ஆனது என்று எங்கேயும் பதிவில்லை. பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு. நம் ஊர் நேரம்.