தேதி பார்க்கப் பணம் கொடுக்காதீங்க

"அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் எல்லாமே ரகசியம், அடுத்த வாய்தா தேதி தெரியவே ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டணும்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. பெருந்துறையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மகனின் வழக்குக்காக ஒவ்வொரு தேதிக்கும் இப்படித்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

நீதிமன்றத்திலிருந்து வரும் நோட்டீஸில் 'ஏ' எழுத்தோடு தொடங்கும் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணையும் வழக்கில் உள்ளவரின் சொந்த நாட்டின் பெயரையும் குடியேற்ற நீதிமன்றங்களின் அரசுத் தளத்தில் போட்டால், அடுத்த விசாரணை என்றைக்கு, எந்த நீதிமன்றம் என்பது இலவசமாகவே தெரியும். ஆனால் தளத்தை மட்டும் நம்பாமல், தபாலில் வரும் நோட்டீஸையும் பார்த்தே ஆக வேண்டும். ஆஜராகாவிட்டால், ஆள் இல்லாமலேயே நாட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். வீடு மாறினால் முகவரியை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கச் சொல்வது அதனால்தான்.

விசாரணைகளும் பொதுவாகத் திறந்தவைதான். தஞ்சம் கேட்கும் வழக்கில் மனுதாரர் கேட்டால் கதவை மூடுவார்கள்.

அப்புறம், அமெரிக்காவில் நகர்மன்றக் கூட்டமும் ரகசியம் என்று அதே அண்ணா சொன்னாரே? கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் ஒட்ட வேண்டும், மக்களைப் பேசவும் விட வேண்டும். அது சட்டம்.

யாருக்காவது தேதி பார்க்கத் தெரியவில்லை என்றால் கேளுங்க, சொல்லித் தருகிறேன். அந்த 'ஏ' எண்ணை மட்டும் இங்கே போட்டுவிடாதீங்க.