ஒரு சென்ட், ஒரு ரிசீவ்: டிசிபியில் அந்தக் கணக்கு இல்லை

நிரலில் ஒருமுறை சென்ட் (அனுப்பும் கட்டளை) செய்தால், மறுமுனையில் ஒரே ரிசீவில் (பெறும் கட்டளை) முழுச் செய்தியும் வந்துவிடும் என்று ஒரு கருத்து இருக்கிறது. டிசிபி என்ற வலைப்பின்னல் நெறிமுறையில் இயங்கும் சாக்கெட்டுக்கு (நிரல்கள் தரவைப் பரிமாறும் இணைப்பு முனைக்கு) இது பொருந்தாது. டிசிபி தருவது பைட்டுகளின் வரிசையை மட்டுமே. செய்தியின் எல்லை அதற்குத் தெரியாது. ரிசீவுக்குக் கொடுக்கும் 1024 போன்ற எண் உச்சவரம்புதான், அத்தனை பைட்டும் வரும் என்ற உறுதி அல்ல.

சரிபார்ப்பது எளிது. பைத்தானில் இரண்டு சிறு செய்திகளைத் தனித்தனியாக அனுப்புங்கள். பெறும் நிரல் 2 விநாடி காத்திருந்து ஒரே ஒரு ரிசீவ் செய்யட்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அடுத்து 10 எம்பி அனுப்பி, ஒவ்வொரு ரிசீவிலும் கிடைத்த நீளத்தை அச்சிடுங்கள்; துண்டு துண்டாக வருவது தெரியும். ஆனால் சொந்தக் கணினிக்குள்ளேயே சோதித்தால் சிறு செய்திகள் பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும். நானும் அதில் ஏமாந்தவன்தான். இப்போது முதல் 4 பைட்டில் செய்தியின் நீளத்தை அனுப்பி, அந்த நீளம் நிரம்பும்வரை சுழற்சியில் படிக்கிறேன்.