பெங்களூரு 30 டிகிரியைத் தாண்டியதே இல்லையா?

"பெங்களூரில் எந்த மாதத்திலும் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, மின்விசிறிகூடத் தேவைப்படாது, நாட்டிலேயே வாழ்வதற்கு இனிய தட்பவெப்பம் இதுதான்" என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தியின் முதல் பகுதி தவறானது.

அந்நகரில் ஏப்ரல் மாதப் பகல் உச்ச வெப்பநிலையே சராசரியாக 34 டிகிரியை ஒட்டி இருக்கும். 2016 ஏப்ரலில் நகர வானிலை நிலையத்தில் 39.2 டிகிரியும், 2024 ஏப்ரல் இறுதியில் 38.5 டிகிரியும் பதிவாகின. ஏப்ரல் நண்பகலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெப்பமானியில் பெரிய வேறுபாடு இராது என்பது இச்செய்தியைப் பகிர்வோர் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஆனாலும் பெங்களூரு இதமான ஊர் என்ற பெயர் வெறும் கற்பனையன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து தொலைவில் அமைந்திருப்பதால், கோடையிலும் அங்கே காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கிறது. வியர்வை விரைவில் உலர்கிறது. பொழுது சாய்ந்ததும் வெப்பம் இறங்கி, விடியற்காலையில் 22 டிகிரியை நெருங்குகிறது. சென்னையிலோ கடற்காற்றின் ஈரம் இரவிலும் புழுக்கத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் பெங்களூரின் பகல் வெப்பமும் 30 டிகிரிக்குக் கீழே தணிந்துவிடும். ஆண்டின் பிற்பாதியைப் பொறுத்தவரை அச்செய்தி பெரிதும் பொருந்தும்.

"நாட்டிலேயே இனியது" என்பது அவரவர் உடல்வாகையும் விருப்பத்தையும் பொறுத்தது. அதை வெப்பமானியால் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது. மின்விசிறி மட்டும் மார்ச் முதல் மே வரை அங்கேயும் சுழலத்தான் செய்கிறது.