சுத்தம் செஞ்சாச்சுங்களா, சந்தோசம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். நம்ம ஊர்க் குளத்தில் பொக்லைன் கோரையை வேரோடு அள்ளிக் கரையில் கொட்டுகிறது, பின்னால் சினிமாப் பாட்டு, கீழே "புதர்க்காடு குளமானது" என்று எழுத்து. முந்நூறு கைதட்டல்.

நான் ஊர்க் குழுவில் கேட்டது ஒன்றுதான். "அந்தக் கோரைக்குள்ள தாழைக்கோழி இருந்துச்சே, பாத்தீங்களா?" அதற்கே என்னைக் குழுவை விட்டு எடுத்துவிட்டார்கள். பரவாயில்லைங்க. அந்தக் குழு ஆரம்பித்த அன்றைக்கே சேர்ந்தவன் நான், அவ்வளவுதான்.

கோரையும் சேறும் சேர்ந்தால்தான் குளம். தண்ணீர் மட்டும் இருந்தால் அது தொட்டி. தாழைக்கோழி என்கிற நீர்ப்பறவை கோரைக்குள்தான் கூடு கட்டும். உள்ளானுக்கு நீந்தி இரை தேடும் பழக்கம் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, சேற்றில் அலகைக் குத்திப் புழு எடுக்கிற பறவை அது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, நடுவைக் கிண்ணமாகக் குடைந்துவிட்டால், அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வலசை வந்தது எங்கே கால் வைக்கும்? உங்கள் நடைபாதையிலா?

சின்ன வயதில் அப்பாரு கூட இதே குளத்துக்குப் போயிருக்கிறேன். நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடியிருந்த சமயம். தண்ணீர் மேல் பாசிக் குவியல் ஒன்று மிதந்தது. குப்பை என்று நினைத்துக் குச்சியால் தள்ளப் போனேன். "சாமி, தொடாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முக்குளிப்பான் வந்து பாசியை விலக்கியது. அடியில் முட்டைகள். கூட்டை விட்டுப் போகும்போது மூடி வைத்துவிட்டுப் போகுமாம். பொக்லைன் ஓட்டிய தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

"அப்ப ஆகாயத்தாமரையையும் விட்டுடலாமா?" என்கிறார் ஒருவர். யாருங்க விடச் சொன்னது? அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, தண்ணீரை மூடிக் கீழே உள்ளதை மூச்சுத் திணறடிக்கும். தாராளமாக எடுங்கள். கோரையும் அதுவும் ஒன்று என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"கொசு வருது." சாக்கடையைக் குளத்தில் விட்டால் வராமல் என்ன செய்யும்? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை.

"தூர்வாரினால்தான் தண்ணி நிக்கும்." இது நியாயம். விவசாயி வீட்டில் பிறந்தவன் இதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு பக்கக் கரையோரத்தையாவது சரிவாக, சேறும் கோரையுமாக விட்டு வையுங்கள் என்பதற்குக்கூடவா கோபம்?

நஞ்சராயன் குளம் எங்கோ வெளிநாட்டில் இல்லை, நம் திருப்பூரில்தான் இருக்கிறது. நொய்யலில் சேரும் நல்லாற்றுத் தண்ணீர். 2022-ல் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியல், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியல். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிற இடம். "நம்ம ஊரின் பெருமை" என்று அங்கே நின்று செல்ஃபி போட்டவர்களும் இவர்களேதான். பெருமைக்கு ஒரு குளம், பொக்லைனுக்கு ஒரு குளமா?

இனி அந்தக் கேள்வி. என் மாமாவே கேட்டார்: "ஆத்தைச் சாயமாக்குன ஊர்க்காரன் நீ, குருவிக்கு அழுவறியா?" ஆமாங்க மாமா. என் காலேஜ் ஃபீஸ் சாயப்பட்டறைச் சம்பளத்தில் கட்டியது. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் விவசாயத்துக்கென்று திறந்தது, சாயத்தண்ணீர் தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீட்டிலும்தான் அடுப்பு யோசித்து எரிந்தது. அப்போது வாய் திறக்காதவன் என்பதால் இப்போதும் மூடிக்கொள்ள வேண்டுமா? அன்றைக்கு வயிறு இருந்தது. இன்றைக்கு அந்தக் கோரையை எடுத்ததால் யார் வீட்டு அடுப்பு எரிந்தது, சொல்லுங்கள்.

"வெட்டிப்பய, பறவை பாக்கறவன்" என்று எழுதியவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பதில் டைப் செய்து அழித்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கரையில் கொட்டிய கோரை காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு தாழைக்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மரம் நடுகிறார்களாம், டீ சர்ட் கொடுக்கிறார்களாம். குழி தோண்டியாயிற்று. பாதிக் குழி குளத்துக்குள்ளேயே இருக்கிறது.