சீனப் பண்டிகை தெரிய வேண்டுமா, லூ சுன்னைப் படியுங்கள்

சீனப் புத்தாண்டு வந்தால் போதும், சிவப்பு விளக்கும் டிராகன் ஆட்டமுமாக டைம்லைன் நிறைந்துவிடுகிறது. பார்க்க அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பண்டிகைகள் வீட்டுக்குள் எப்படி நடந்தன, யார் வேலை செய்தார்கள், யார் கும்பிட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் சீனர்களின் கதைகளையும் கவிதைகளையும்தான் படிக்க வேண்டும். அவர்களுடைய பெரிய எழுத்தாளர்கள் பலர் பண்டிகை நாளில் வீட்டில் யார் இல்லை, யாரை ஒதுக்கி வைத்தார்கள் என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் வரும் சோங்யாங் பண்டிகைக்கு மலையேறி, ஒரு வாசனைச் செடியின் கொத்தைச் சூடிக்கொள்வது வழக்கம். வெளியூரில் தனியாக இருந்த 17 வயதுக் கவிஞர் வாங் வெய், உடன்பிறந்தவர்கள் ஊரில் அதைச் சூடும்போது ஓர் ஆள் குறைவதை நினைத்துக் கவிதை எழுதினார். 1076இல் சூ ஷி என்ற கவிஞர், எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நடு இலையுதிர்காலப் பண்டிகை அன்று விடிய விடியக் குடித்துவிட்டு, வருடக்கணக்கில் பார்க்காத தம்பியை நினைத்து எழுதிய பாட்டு இன்றும் சீனர்களுக்கு மனப்பாடம்.

‘சிவப்பு மாளிகைக் கனவு’ நாவலில் விளக்குத் திருவிழா வருகிறது. அரண்மனைக்கு அனுப்பப்பட்ட மகள் அன்று ஒரே ஒரு இரவு பிறந்த வீட்டுக்கு வருகிறாள், அதற்காகவே ஒரு பெரிய தோட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெற்ற அப்பா திரைக்கு வெளியே நின்றுதான் பேச முடிகிறது, ஏனென்றால் அவள் இப்போது பேரரசரின் துணைவி. மனிதரைப் பார்க்க முடியாத இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டீர்களே என்று அழுகிறாள், விடிவதற்குள் திரும்பவும் போய்விடுகிறாள்.

சரி, எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது நவீன சீன எழுத்தாளர் லூ சுன் 1924இல் எழுதிய ‘புத்தாண்டுப் பலி’ கதை. புத்தாண்டுக்கு முன் அடுப்புத் தெய்வத்தை வழியனுப்பும் வெடிச்சத்தத்தோடு தொடங்குகிறது. கோழி, வாத்து, பன்றிக்கறி எல்லாவற்றையும் பெண்கள் தண்ணீரில் கை சிவக்கக் கழுவிச் சமைக்கிறார்கள், ஆனால் கும்பிடுவது ஆண்கள் மட்டும். கணவனை இழந்து ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்த சியாங்லின் மனைவி என்பவள் முதல் வருடம் அத்தனை வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்து சந்தோஷமாக இருக்கிறாள். இரண்டாவது கணவனும் செத்து, பிள்ளையை ஓநாய் தூக்கிப்போன பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தால், அவள் கை பட்டதை முன்னோர்கள் சாப்பிட மாட்டார்களாம். தாலியறுத்தவளை மணவறைப் பக்கம் விடாத ஊரில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாவம் தீரக் கோயிலுக்கு வாசற்படி ஒன்று கொடு, உனக்குப் பதிலாக ஊரே அதை மிதிக்கட்டும் என்று இன்னொரு வேலைக்காரி யோசனை சொல்ல, சேர்த்து வைத்த சம்பளத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அப்புறம் குளிர்காலப் படையலன்று, இனி என்ன தடை என்று தைரியமாகக் கிண்ணத்தையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் எடுக்கப் போகிறாள். “அதை அப்படியே வை!” என்று எஜமானியின் குரல் வருகிறது, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் ஆளே உடைந்துபோகிறாள், கடைசியில் பிச்சை எடுத்து ஒரு புத்தாண்டு சமயத்திலேயே செத்தும் போகிறாள்.

இதைப் படித்துவிட்டு, லூ சுன் மரபை வெறுத்தவர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சின்ன வயதில் ஊர்த் திருவிழாக் கூத்துக்குப் பையன்களோடு படகில் போனதையும், திரும்பும் வழியில் வயலில் பயறு பறித்துப் படகிலேயே அவித்துத் தின்றதையும் 1922இல் அவ்வளவு ஆசையாக எழுதியவரும் அவர்தான். அந்த ஆசை இருந்ததால்தான் கிண்ணத்தை எடுக்கப் போன அந்தக் கையைத் தடுத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. பண்டிகை வேண்டாம் என்று அவர் எங்கே சொன்னார்? அவளையும் படையல் வைக்க விடச் சொன்னார், அவ்வளவுதான்.