ராத்திரி பதினோரு மணிக்கு போஸ்ட்ல ஏறுறது யாரு?

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், மழ விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, கேபிள் தொழில் பண்ற எங்க சித்தப்பா வண்டில பின்னாடி உக்காந்து நானும் போனேன். தெக்குத் தெருவுல பதினாலு வீட்டுக்கு நெட்டு இல்ல, எல்லா பொட்டியிலயும் ரெட் லைட்டு. டார்ச்ச என் கைல குடுத்துட்டு ஏணி போட்டு ஏறி பாக்ஸ தொறந்து பாத்தா அணில் கடிச்சு வெச்சிருக்கு. (அணில்னா சிரிப்பீங்கன்னு தெரியும். கேபிள் தொழில்ல இருக்கவன கேளுங்க, அழுவான்.) ஒயர கீழ எறக்கி, ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து, முடி கணக்கா இருக்க அந்த கண்ணாடி இழைய உரிச்சு, ஸ்பிரிட் வெச்சு தொடச்சு, வெட்டி, மெஷின்ல வெச்சு ஒட்டி, மீட்டர்ல வெளிச்சத்த அளந்து பாத்தா மைனஸ் 22. "போதும், லைட் வந்துருச்சு"ன்னாரு. இழைய ஒட்டுற அந்த ஸ்ப்ளைசிங் மெஷினு சித்தி நகைய அடகு வெச்சு வாங்குனது. சித்தப்பா படிச்சது எட்டாவது.

கிராமத்துக்கு இன்டர்நெட்னு பேச்செடுத்தாலே இங்க சாட்டிலைட்டு, 5ஜின்னு ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு ஒரே கேள்விதான். அந்து போச்சுன்னா ஏறுறது யாரு?

நேபாளத்துல மியாக்டி மாவட்டத்துல நாங்கின்னு ஒரு மல கிராமம். மகாபீர் புன்னுன்னு ஒருத்தர், அமெரிக்காவுல நெப்ராஸ்கால படிச்சிட்டு ஊருக்கே திரும்பி வந்து ஸ்கூல்ல பாடம் எடுத்தாரு. ஊர்ல போன் இல்ல, லைன் கரண்டும் இல்ல. ஓடையில சின்னதா டர்பைன் போட்டு கரண்ட் எடுத்து, பழைய பார்ட்ஸ வாங்கி மரப்பொட்டிக்குள்ள கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணாங்க. சரி, கம்ப்யூட்டர் இருக்கு, நெட்டுக்கு எங்க போறது? 2001ல பிபிசிக்கு எழுதி உதவி கேட்டாரு, அதப் பாத்துட்டு வெளிநாட்டுலேருந்து வாலண்டியர்ஸ் வந்தாங்க. டிவி டிஷ் ஆன்டெனாவ மாத்திக்கட்டி, சிக்னல வாங்கி அடுத்த மலைக்கு அனுப்புற ரிலேவ மரத்து மேல கட்டி, பொக்ரா டவுன்லேருந்து மல தாண்டி வைஃபைய இழுத்தாங்க. அப்ப அங்க மாவோயிஸ்ட் சண்ட நடந்துட்டிருந்த நேரம், வைஃபை சாமான் வெச்சிருக்கறதே சட்டவிரோதம், ஒளிச்சுதான் கொண்டு வந்தாங்க. 2006ல ராஜாவோட நேரடி ஆட்சி போனதுக்கப்புறம்தான் வைஃபை அலைவரிசைக்கு லைசென்ஸ் வேணாம்னு ஆச்சு. 2007ல அவருக்கு மகசேசே விருது. விருதெல்லாம் விடுங்க, ரிலே டவர பாத்துக்கறதுக்கு அந்தந்த ஊர்லயே ஆளப் பழக்குனாங்க பாருங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது.

நம்ம தேனி மாவட்டத்துலயே இது நடந்திருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. 2005, 2006 வாக்குல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் அமெரிக்காவுல இருக்க பெர்க்லி யுனிவர்சிட்டி ஆளுங்களும் சேந்து, தேனி ஆஸ்பத்திரிலேருந்து சுத்துப்பட்டு கண் சிகிச்சை மையத்துக்கு, பத்து பதினஞ்சு கிலோமீட்டர் வரைக்கும், வைஃபை லிங்க் போட்டாங்க. சாதா வைஃபை கார்டுதான், அந்த கார்ட இயக்குற டிரைவர் சாப்ட்வேர மாத்தி எழுதி தூரத்துக்கு ஏத்த மாதிரி பண்ணிருந்தாங்க. பேஷண்ட் அவங்க ஊர்லயே உக்காந்து, தேனில இருக்க டாக்டர்ட்ட வீடியோவுல கண்ண காட்டுவாங்க. இதுல பெரிய தலவலி ரேடியோ இல்லையாம், கரண்டாம்! லோ வோல்டேஜ்ல ரவுட்டர் உறைஞ்சு நின்னுரும், திடீர்னு ஏறி அடிச்சா எரிஞ்சே போயிரும். பெர்க்லிலேருந்து தினம் பிளைட் புடிச்சு வந்து ஸ்விட்ச ஆப் பண்ணி ஆன் பண்ண முடியுமா, அதனால இங்க இருக்க ஸ்டாஃபுக்கே கத்துக் குடுத்து, போகப் போக அவங்களே பாத்துக்கிட்டாங்க. எங்க ஊரு லோ வோல்டேஜ பத்தி பெர்க்லிக்காரன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிருக்கான்னு சொன்னா சித்தப்பா நம்பவே மாட்டேங்குறாரு.

சரி ஆளு இருக்கான், காசு? தென்னாப்பிரிக்கா ஈஸ்டர்ன் கேப்ல மன்கோசின்னு ஒரு ஊர்ல ஜென்செலேனின்னு ஒரு நெட்வொர்க், அவங்க பாஷையில "நீங்களே செஞ்சுக்கங்க"ன்னு அர்த்தம். யுனிவர்சிட்டி ஆளுங்க கூட நின்னாங்க, ஆனா ஓனரு ஊர்க்காரங்க கூட்டுறவு சங்கம். ரவுட்டருக்கு சோலார் பேட்டரி வெச்சாங்கல்ல, அதுலயே செல்போன் சார்ஜ் போட்டுக் குடுத்து காசு வாங்குனாங்க. நெட்ட விட மொதல்ல சம்பாதிச்சுக் குடுத்தது சார்ஜர்தான்! 2014ல அந்த நாட்டு தொலைத்தொடர்பு ரெகுலேட்டரு இவங்களுக்கு லைசென்ஸ் விலக்கு குடுத்துச்சு. பால் சொசைட்டி நடத்தத் தெரிஞ்ச ஊரு நம்ம ஊரு, தினம் ரெண்டு வேள பால அளந்து, டிகிரி பாத்து, கணக்கு எழுதி காசு பட்டுவாடா பண்றவங்களுக்கு மாசத்துக்கு ஒருக்கா நெட்டு பில்லு போட வராதா?

இங்க சட்டமும் கதவ பாதி தொறந்துதான் வெச்சிருக்கு. ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துக்கு ஃபைபர்னு 2011ல திட்டம் போட்டாங்க, பின்னாடி பாரத்நெட்னு பேரு மாத்துனாங்க. நல்ல திட்டம்தான், அவ்ளோ தூரம் பள்ளம் தோண்ட சித்தப்பாவால முடியாது. ஆனா பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்த கண்ணாடி இழை அங்கேருந்து வீட்டுக்கு எப்படி வரும்? அதுக்குத்தான் ஊர்ல ஆள் வேணும். 2020 டிசம்பர்ல பிஎம்-வாணின்னு பொது வைஃபை திட்டம் வந்துச்சு, டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாம வைஃபை விக்கலாம். நானும் ஆசப்பட்டு ஒரு கம்பெனில போய் கேட்டேன், "வீட்டு பிளான்ல பண்ண முடியாது சார், லீஸ்ட் லைன் எடுங்க"ன்னு, அதாவது கம்பெனிங்க எடுக்கற தனி லைனு, ஒரு ரேட்டு சொன்னாங்க, டீக்கடைய வித்தாத்தான் கட்ட முடியும். அப்புறம் 2025 ஜூன்லதான் டிராய், அதான் நம்ம நாட்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 200 எம்பிபிஎஸ் வரைக்கும் இந்த மாதிரி கடைக்கு வீட்டு ரேட்டுல ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. நாலரை வருஷம் போயிருச்சு. ஊருக்குள்ள இழுக்கற ஒயரு எப்பயும் சல்லிசுதான், ஊருக்கு வெளிய மொத்தமா வாங்குற பேண்ட்வித்லதான் கழுத்தப் புடிக்கறாங்க.

கமிட்டி, கூட்டுறவுன்னு நான் பாட்டுக்கு அடுக்கிட்டே போறேன், ஆனா ஊர்க் கமிட்டின்னா எவனெவன் உக்காருவான்னு எனக்கும் தெரியும். தண்ணி டேங்க் எங்க கட்டுறதுன்னு முடிவு பண்ண அதே ஆளுங்கதான் ரவுட்டர் எங்க வைக்கிறதுன்னும் முடிவு பண்ணுவாங்க. அதனால எழுதி வெச்சே ஆரம்பிக்கணும், மொத ஒயரு காலனிக்கு, கமிட்டில பாதி பேரு அங்கேருந்து, ஸ்ப்ளைசிங் கத்துக்க மொத ரெண்டு புள்ளைங்க அங்கேருந்து. எங்க சித்தப்பாவே 98ல டிவி கேபிள் இழுத்தப்ப காலனிக்கு ஒயரு போகல, பல வருஷம் கழிச்சுத்தான் போச்சு. ஏன்னு கேட்டா "தூரம்டா"ன்னாரு. தூரம் முன்னூறு மீட்டர்.

இத அவர்ட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் போஸ்ட் போடுறேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முன்னூறு இல்லடா, எரநூத்தம்பதுதான் இருக்கும்"ன்னாரு.